கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் போடச் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

மாசி மாதக் கடைசியில் வெயில் ஏறத் தொடங்கியதும், கும்பகோணத்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே கோரிக்கையோடு வருகிறார்கள்: “கூலிங் இல்லை, கேஸ் போட்டு விடுங்கள்.” பதினெட்டு ஆண்டுகளாக வண்டி ஏசி வேலை மட்டுமே பார்த்து வருகிறேன், கேஸ் என்பது பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அன்று என்பதை ஒவ்வொரு கோடையிலும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். குறையவில்லை என்றால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. நம் டெல்டாவில் அந்த வேறிடத்தைப் பெரும்பாலும் நெற்பதரும் எலியும் கடலோர உப்புக்காற்றும்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே அறிகுறி வாரியாக, செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணம் வரை, வீட்டு வாசலிலேயே எதைப் பார்க்கலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுப் பட்டறைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதல் பத்து நிமிடம்

வெயிலில் நின்ற வண்டியாக இருந்தால் கண்ணாடிகளை இறக்கிச் சிறிது தூரம் ஓட்டி உள்ளே தேங்கிய வெப்பத்தை வெளியேற்றிய பிறகு நிழலில் நிறுத்துங்கள். கதவுகளை மூடி, குளிர்ச்சியை முழுமைக்கு வைத்து, உள்காற்றே சுழலும்படியான பொத்தானை அழுத்தி, என்ஜினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 சுற்றில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். நடுவில் உள்ள காற்றுத் துவாரத்துக்குள் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி வையுங்கள். சமையலுக்கு விற்கும் சாதாரணக் கருவியே போதும். வெளியில் 35 டிகிரி வெயில் இருக்கும்போது அது 8 முதல் 12 டிகிரிக்குள் காட்டினால் உங்கள் ஏசி நலமாக இருக்கிறது. 15 டிகிரியைத் தாண்டினால் கீழே உள்ள பகுதிகளில் உங்கள் வண்டியின் அறிகுறியைத் தேடுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா? நம் ஊர் ஈரக்காற்றில், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில் குளிர்ந்தால் சொட்டாமல் இருக்காது. பானட்டைத் திறந்தால் முன்பக்க ஃபேன் சுற்றுகிறதா? கேஸை அழுத்திச் சுற்றவிடும் ஏசி கம்ப்ரஸரின் முகப்பில் உள்ள தட்டு, பெல்ட் ஓடும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறதா, சக்கரம் மட்டும் சுற்றித் தட்டு நிற்கிறதா? தோளில் கிடக்கும் துண்டையும் புடவை முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொண்டு, கையை உள்ளே விடாமல் கண்ணால் மட்டும் பாருங்கள். சில புது வண்டிகளின் கம்ப்ரஸரில் இந்தத் தட்டே (கிளட்ச்) இருக்காது. அவற்றில் இந்தக் கடைசிச் சோதனையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: ஓடும்போது குளிர்கிறது, நின்றால் சூடாகிறது

டெல்டாவில் நான் அதிகமாகப் பார்க்கும் கோளாறு இதுதான். புறவழிச் சாலையில் போகும்போது நன்றாக இருக்கும் குளிர்ச்சி, ரயில்வே கேட்டிலோ மகாமகக் குளத்து நெரிசலிலோ ஐந்து நிமிடம் நின்றதும் போய்விடுகிறது என்றால், முன் கிரிலுக்குப் பின்னால் இருந்து கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்ஸர் வழியாகப் போதுமான காற்று போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது.

இதை உறுதிசெய்ய ஒரு காசும் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, குளிர்ச்சி குறைந்த நிலையில், முன் கிரில் வழியாகக் கண்டென்ஸரின் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் குவளையால் மெதுவாக ஊற்றுங்கள். பெல்ட் பக்கமும் மின்கம்பிகளின் பக்கமும் தண்ணீர் போகக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் தெர்மாமீட்டர் மளமளவென்று இறங்கினால், கேஸும் கம்ப்ரஸரும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. வெப்பம் வெளியேற வழியில்லாததுதான் கோளாறு.

பதர் அடைப்பு. தை, மாசியில் சம்பா அறுவடையின்போது நெல்லைச் சாலையிலேயே காயப்போடுகிறார்கள்; நேரடி கொள்முதல் நிலையங்களின் வாசலில் தூற்றும் இயந்திரம் நாள் முழுவதும் பதரைப் பறக்கவிடுகிறது. அந்தப் பதரும் வைக்கோல் துணுக்கும் கிரில் வழியாக நுழைந்து கண்டென்ஸரின் முகத்தில் ஒட்டுகின்றன. முகத்தில் ஒட்டியது கண்ணுக்குத் தெரியும். கண்டென்ஸருக்கும் அதன் பின்னால் உள்ள ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளியில் சேர்வதோ வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் வண்டியை இன்றும் மறக்க முடியவில்லை. “தம்பி, போன மாசம் கேஸ் போட்டேன், அதுக்கு முந்தின மாசமும் போட்டேன், நிக்கவே மாட்டேங்குது. இன்னொரு தடவை போட்டுக் கொடுப்பா” என்றார். “ஐயா, வண்டியை எங்கே நிறுத்துறீங்க?” என்று கேட்டேன். கொள்முதல் நிலையத்துக்கு எதிரில் இருந்த தம் கடை வாசலில்தான் என்றார். அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டிப் பார்த்தபோது, 200 முதல் 250 பிஎஸ்ஐக்குள் (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டிய, கம்ப்ரஸர் கேஸை அழுத்தி அனுப்பும் உயர் அழுத்தப் பக்கம் 350ஐத் தொட்டது. ரேடியேட்டரின் மேல் பிடிகளைக் கழற்றிச் சற்றே பின்னால் சாய்த்தோம். நடுவில் இருந்த பதரும் தூசியும் நனைந்து காய்ந்து, ஒரு கோரைப்பாயைப் போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. பானட்டில் ஒட்டியிருந்த சீட்டின்படி அந்த வண்டிக்கு 400 கிராம் கேஸ்தான். இயந்திரத்தால் வெளியே எடுத்து எடை பார்த்தபோது 560 கிராம் இருந்தது. இரண்டு முறை போட்ட கேஸ், குறைவாக இருந்த ஒன்றை நிரப்பவில்லை. ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த கம்ப்ரஸரின் மேல் இன்னும் சுமையை ஏற்றியிருக்கிறது. கழுவிச் சரியான அளவை நிரப்பியபின் 18 டிகிரி காட்டிய துவாரம் 9 டிகிரி காட்டியது.

கழுவும் முறையில் தவறு செய்தால் கண்டென்ஸரையே மாற்ற நேரிடும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். தோட்டத்துக் குழாயின் சாதாரண அழுத்தம் போதும். முடிந்தவரை என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். முன்பக்கத்திலிருந்தே அடித்தால் பதர் இன்னும் உள்ளே போய் இறுகிவிடும். வாட்டர் வாஷ் நிலையத்தின் உயர் அழுத்தக் குழலை அருகில் பிடித்தால், காகிதம் போன்ற அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்று வழியே அடைபட்டுவிடும். மிச்சம் ஒட்டியிருப்பதை மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தேய்த்து எடுக்கலாம். கம்பியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்தக் கூடாது. வண்டியை வயல்வெளிச் சாலைகளில் ஓட்டுபவர்கள் குறுவை அறுவடைக்குப் பின் ஒரு முறையும் சம்பா அறுவடைக்குப் பின் ஒரு முறையும் இதைச் செய்தால், கோடையில் என்னிடம் வர வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

ஃபேன் ஓடவில்லை. கண்டென்ஸர் சுத்தமாக இருந்தும் அறிகுறி தொடர்ந்தால் ஃபேனைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்ட சில நொடிகளில் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும்; இரண்டு ஃபேன் உள்ள வண்டியில் இரண்டையும் பார்க்க வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் அதன் ஃபியூஸ், அடுத்து ரிலே. ரிலேயைச் சோதிக்க, அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலேயை (ஹாரனுக்கு உரியது பல வண்டிகளில் பொருந்தும்) இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி இணைப்பையும் கழற்றியபின் இறக்கையைக் கையால் சுற்றிப் பார்த்தால் இறுக்கம் தெரியும். மோட்டாரை மாற்றுவது எலெக்ட்ரீஷியன் வேலை. ஃபேன் ஓடாத வண்டியில் ஏசியைப் போட்டு ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஏசியோடு சேர்ந்து என்ஜினும் சூடேறும், அந்தச் செலவு ஃபேனின் விலையோடு நிற்காது.

## அறிகுறி: காற்று பலமாக வருகிறது, குளிர்ச்சி துளியும் இல்லை

கம்ப்ரஸர் தட்டு சுற்றவில்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ஏசி பொத்தானை அழுத்தியதும் ‘டிக்’ என்ற சத்தத்தோடு என்ஜின் ஓசை சற்றே மாற வேண்டும். மாறவில்லை என்றால் பின்வரும் வரிசையில் பாருங்கள்.

ஏசி ஃபியூஸ், ரிலே இரண்டும் சில நிமிட வேலை. மாற்றிய ஃபியூஸ் உடனே மறுபடி எரிந்தால் அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடாதீர்கள்; கம்பி எங்கோ உரசுகிறது, அல்லது தட்டை இழுத்து ஒட்டவைக்கும் மின்காந்தச் சுருளான கிளட்ச் காயில் எரிந்திருக்கிறது.

அடுத்து எலி. அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எலிகள் களத்து மேட்டுக்கும் கொட்டகைக்கும் இடம் பெயர்கின்றன; வைக்கோல் போர் ஓரத்தில் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் அவற்றுக்குச் சூடும் மறைவும் கிடைக்கின்றன. கம்ப்ரஸருக்குப் போகும் ஒற்றைக் கம்பியும், பிரஷர் சுவிட்சுக்குப் போகும் கம்பிகளும் எளிதில் பல்லுக்கு அகப்படும் இடத்தில் உள்ளன. டார்ச் அடித்துக் கம்பியைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணால் தொடர்ந்து செல்லுங்கள். எலிப் புழுக்கையோ வைக்கோல் துணுக்கோ பானட்டுக்குள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. வெட்டுப்பட்ட கம்பியை முறுக்கி டேப் ஒட்டினால் அடுத்த மழையில் பச்சை பூத்துத் துண்டிக்கும். ஈயப் பற்று வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். வண்டியை வைக்கோல் போரிலிருந்து தள்ளி நிறுத்துவதைக் காட்டிலும் நல்ல தடுப்பை நான் கண்டதில்லை. புகையிலை கட்டுவதெல்லாம் வாசனை இருக்கும் சில நாள்களுக்குத்தான்.

கம்பியும் சரி என்றால், கேஸ் வெகுவாகக் குறைந்ததால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரைத் தடுத்து வைத்திருக்கலாம். இங்கே ஒரு வேண்டுகோள். அந்தச் சுவிட்சின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்து கம்ப்ரஸரை வலுக்கட்டாயமாக ஓடவைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடுதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓடும் கம்ப்ரஸர் எண்ணெய் இல்லாமல் ஓடுகிறது. அதைச் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். இந்த இடம் வந்ததும் பட்டறைக்கு வந்துவிடுங்கள்.

அழுத்தம் சரியாக இருந்து, கம்பியில் 12 வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் கிளட்ச் காயிலோ, தட்டின் இடைவெளியோதான் காரணம். அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி தேய்மானத்தால் கூடியிருந்தால், உள்ளே இருக்கும் ஒரு வாஷரை எடுத்தே பல வண்டிகளில் சரிசெய்துவிடலாம். முழுக் கம்ப்ரஸரையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், கிளட்ச் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தட்டு சுற்றுகிறது, ஆனாலும் சூடான காற்று. பானட்டுக்குள், டேஷ்போர்டுக்குப் போகும் இரண்டு அலுமினியக் குழாய்களில் தடித்ததைத் தொட்டுப் பாருங்கள். அது சில்லென்று வியர்த்திருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது; உள்ளே ஹீட்டர் பக்கத்துத் தடுப்புக் கதவு மூடாமல் சூட்டைக் கலந்துகொண்டிருக்கிறது. குமிழைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ என்று கேட்டாலோ, ஓட்டுநர் பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுட்டாலோ அந்தக் கதவின் மோட்டாரையும் பல்சக்கரத்தையும்தான் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் கேபிள் கொக்கி கழன்றிருப்பதோடு முடிந்துவிடும். கேஸுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

## அறிகுறி: காற்றே மெல்லிசாக வருகிறது, வருவது சில்லென்று இருக்கிறது

ஏசி ஃபில்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் முன் இருக்கையின் எதிரில் உள்ள டிராயருக்குப் பின்னால் இருக்கிறது. கருவி எதுவும் தேவையில்லை. நகரத்தில் ஓடும் வண்டிக்கு ஓர் ஆண்டு வரும் ஃபில்டர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சாலைகளில் ஓர் அறுவடைக் காலத்தைத் தாங்கினாலே பெரிது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவாத ஃபில்டரைத் தட்டிப் போடாமல் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான். ஃபில்டரே வைக்கப்படாத வண்டிகளும் இருக்கின்றன. அவற்றில் தூசி நேராகக் கூலிங் காயிலில் போய்ப் படிகிறது, அதைக் கழுவுவது பட்டறை வேலை.

காற்று ஒரே ஒரு வேகத்தில் மட்டும் வந்து மற்ற வேகங்களில் வரவில்லை என்றால் உள்ளே காற்றைத் தள்ளும் ப்ளோயரின் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. விலை குறைவு.

## அறிகுறி: அரை மணி நேரம் நன்றாக இருந்து, பிறகு காற்று குறைந்து குளிர்ச்சி போகிறது

கூலிங் காயிலில் பனி படிந்து காற்றை அடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் வைத்து நெடுந்தூரம் போகிறவர்களிடம் இந்தப் புகாரை அதிகம் கேட்கிறேன். ஏசியை மட்டும் அணைத்து ப்ளோயரைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். அடியில் தண்ணீர் கொட்டிக் காற்றும் திரும்பினால் பனி என்பது உறுதி. அடைபட்ட ஃபில்டர்தான் முதல் சந்தேகம். அதை மாற்றியும் தொடர்ந்தால், காயிலின் குளிர்ச்சியை அளக்கும் சென்ஸரையும் கேஸ் அளவையும் பட்டறையில் பார்க்க வேண்டும்.

காற்றின் வேகம் குறையாமல் குளிர்ச்சி மட்டும் விட்டு விட்டுப் போகிறது என்றால் இரண்டைப் பாருங்கள்: கிளட்ச் சூடேறியதும் பிடியை விடுகிறதா, என்ஜின் வெப்பம் ஏறுகிறதா. கூலண்ட் குறைந்து என்ஜின் சூடேறினால் பல வண்டிகளின் கணினி ஏசியைத் தானே நிறுத்திவிடும்.

முன் இருக்கையின் காலடியில் தண்ணீர் தேங்கினால், கூலிங் காயிலின் வடிகுழாயை மண்ணோ இலையோ அடைத்திருக்கிறது. குளிர்ச்சிக்குக் கேடில்லை, ஆனால் விரிப்பின் அடியில் தகரம் துருப்பிடிக்கும்.

## அறிகுறி: சில மாதங்களாக மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது

இதுதான் உண்மையான கசிவு. ரப்பர் குழாய்கள் வழியாகவும் கம்ப்ரஸரின் அச்சு அடைப்பின் வழியாகவும் ஆண்டுக்கு மிகச் சிறிதளவு கேஸ் குறைவது இயல்பு. பல ஆண்டுகளுக்குப் பிறகு குளிர்ச்சி சற்றே மங்கினால் அதில் குற்றம் காண வேண்டாம். ஓர் ஆண்டுக்குள் குறைந்தால் ஓட்டை இருக்கிறது.

கேஸோடு எண்ணெயும் கசிவதால், ஓட்டை உள்ள இடத்தில் தூசி ஒட்டிக் கறுத்த ஈரக் கறை தெரியும். குழாய் இணைப்புகள், கம்ப்ரஸரின் முகப்பு, கண்டென்ஸரின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நிரப்பும் வாய்களின் சிறு பிளாஸ்டிக் மூடி காணாமல் போயிருந்தால் அங்கேயும் சோப்பு நுரை வைத்துப் பார்க்கலாம். ஆனால் வால்வை எதனாலும் அழுத்தாதீர்கள். பெரும்பாலான கார்களில் உள்ள ஏசி கேஸான ஆர் 134ஏ வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. விரலில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது கண்டென்ஸரைத்தான். உப்புக்காற்று அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாகப் பூத்து, விரலால் தொட்டால் தகடு உதிரும் நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில் ஒட்டுப்போடுவது வீண். கடற்கரைச் சாலையில் நாள்தோறும் போகிறவர்கள் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் முன்பக்கத்தை அலசிவிட்டால் அதன் ஆயுள் கண்கூடாக நீள்கிறது.

இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் (ஓரிங்) என்றால் சில்லறைச் செலவு. குழாய், கண்டென்ஸர் என்றால் ஆயிரங்களில். கூலிங் காயில் கசிந்தால் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும், பொருளின் விலையோடு இரண்டு நாள் கூலியும் சேரும். ஆகவே காயில்தான் என்று சொல்பவரிடம் எப்படிக் கண்டீர்கள் என்று கேளுங்கள். மற்ற எல்லா இடங்களையும் சோதித்துவிட்டு, வடிகுழாய் வாயிலோ காற்றுத் துவாரத்திலோ கசிவறியும் கருவி ஒலித்ததைக் காட்ட வேண்டும். ஓட்டையை அடைக்கும் திரவம் என்று டப்பாவில் விற்பதை ஊற்ற விடாதீர்கள்; அது சிறு துவாரங்களை அடைத்து மொத்த அமைப்பையும் கெடுத்துவிடும்.

## அறிகுறி: ஏசி போட்டதும் கரகர சத்தம், அல்லது கருகிய வாசனை

உடனே ஏசியை அணையுங்கள். அணைத்ததும் சத்தம் நின்றால் கம்ப்ரஸருக்குள் உலோகம் உதிர்கிறது. ஏசியை அணைத்தே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அணைத்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் கம்ப்ரஸரின் பெல்ட் சக்கரத்துப் பேரிங். அது இறுகினால் பெல்ட் அறுந்து வழியில் நிற்க நேரும் என்பதால் வண்டியை இழுத்து வருவதே நல்லது.

கம்ப்ரஸர் உள்ளே உதிர்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதாது. பழைய உலோகத்தூள் சுற்றி வந்து புதியதையும் தின்றுவிடும். கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, குழாய்களைக் கழுவி, பெரும்பாலும் கண்டென்ஸரையும் மாற்றியாக வேண்டும். வீட்டு வாசலில் பார்க்கக் கூடிய செலவு மிகுந்த அறிகுறி இதுதான்.

## பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டியவை

கேஜ் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். என்ஜின் ஓடாதபோது காட்டும் அழுத்தத்தை மட்டும் பார்த்துக் “கேஸ் இருக்கிறது” என்று முடிவு செய்ய முடியாது. 30 டிகிரியில் 100 பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும் அந்த முள், உள்ளே பாதி அளவே இருந்தாலும் அதையேதான் காட்டும். ஓடும்போது இரு பக்கமும் என்ன காட்டுகின்றன என்று கேளுங்கள். குறைந்த பக்கம் 30, 40க்குள்ளும் உயர்ந்த பக்கம் 200, 250க்குள்ளும் இருப்பது நம் வெயிலுக்கு இயல்பு.

அமைப்பைத் திறந்து வேலை செய்தால், நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் இழுத்து (உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), முள் ஏறாமல் நிற்பதைக் காட்டிய பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். வேக்கம் இழுக்காமல் ஏற்றினால் நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கேஸைத் தராசில் நிறுத்து, பானட்டில் ஒட்டியுள்ள சீட்டில் அச்சிட்ட கிராம் அளவுக்கு ஏற்ற வேண்டும். கைக்குக் குளிர்ந்த மட்டும் ஏற்றுவது அளவாகாது. புதிய வண்டிகள் சிலவற்றில் ஆர் 1234ஒய்எஃப் என்ற வேறு வகைக் கேஸ் இருக்கிறது. அதில் ஆர் 134ஏவைக் கலக்கக் கூடாது. சமையல் எரிவாயுவை ஏற்றித் தருவதாக எவராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள். கசிந்தால் அது குடும்பம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்தான் வரும்.

கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை கிராம் எடுத்தார்கள், எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்பதை ரசீதில் எழுதச் சொல்லி, அந்த ரசீதை வண்டியின் டிராயரிலேயே வைத்திருங்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் குளிர்ச்சி குறைந்தால், பார்க்கிறவர் நானானாலும் வேறு எவரானாலும், கசிவா அடைப்பா என்று பிரித்துச் சொல்ல முதலில் தேவைப்படுவது அந்த இரண்டு எண்கள்தான்.